சின்ன ரேடியோவும் செத்துப்போன பட்டன் செல்லும்

(நம் குடியிருப்புக் குடும்பங்கள் கொல்லிமலை செம்மேட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, முதல் நாள் மாலைக் கூட்டத்தில் பேசியது. வராதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை என்று தெரியும். அதனால் கனமான விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. எல்லாம் சேர்ந்து ஐம்பது கிராம்கூட எடை இல்லாத விஷயம்தான். பழைய காலத்துச் சின்ன ரேடியோக்களில் சார்ஜ் ஏறும் செல் இருக்கும் அல்லவா, அது செத்துப்போனால் எப்படி மாற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம். படித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன். ரேடியோ ரிப்பேர் என் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் பேட்டரி என்பது ஒரு வகையில் சேமிப்புக் கணக்குதான். போட்டால்தான் எடுக்க முடியும், போட்டது முழுவதும் திரும்பி வராது, கணக்கை வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் செயலற்ற கணக்கு ஆகிவிடும். அதனால் எனக்குப் புரிந்தது; உங்களுக்கும் புரியும்.

முதலில் எந்த ரேடியோவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் இருந்த பிலிப்ஸ், மர்பி, புஷ் டிரான்சிஸ்டர்களுக்குப் பெரிய பேட்டரிக் கட்டை இரண்டோ மூன்றோ நான்கோ போடுவோம். தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம். தூக்கிப் போடும் முன் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம், அது வேறு கதை. அந்த செட்களுக்கு இன்றும் கட்டை கிடைக்கிறது. அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் எல்லாம் சட்டைப் பைக்குள் போகும் செட்களில்தான். 1954-இல் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்.-1 என்ற பாக்கெட் ரேடியோ வந்தது. நான்கே டிரான்சிஸ்டர், இருபத்திரண்டரை வோல்ட் பேட்டரி. 1957-இல் ஜப்பானிலிருந்து சோனி டி.ஆர்.-63 வந்தது, அதற்கு நாம் இன்றும் கடையில் வாங்கும் 9 வோல்ட் சதுர பேட்டரி போதும். அதற்குப் பிறகு ‘யார் ரேடியோ சின்னது’ என்று ஒரு போட்டியே நடந்தது. ரேடியோவின் மற்ற பாகங்கள் எல்லாம் சுருங்கிவிட்டன. பேட்டரி மட்டும் சுருங்கவில்லை. அப்போதுதான் பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன செல்லைப் போட்டார்கள். சின்ன செல் சீக்கிரம் தீரும், அடிக்கடி வாங்கினால் கட்டுபடியாகாது. எனவே சார்ஜ் ஏறுகிற நிக்கல் காட்மியம் செல்லை உள்ளே வைத்து, கூடவே ஒரு சார்ஜரையும் கொடுத்தார்கள். 1967-இல் விற்பனைக்கு வந்த சோனி ஐ.சி.ஆர்.-100 அப்படிப்பட்டது. உலகின் முதல் ஐ.சி. ரேடியோ என்று கம்பெனி பெருமையாகச் சொல்லிக்கொண்ட செட். எடை 90 கிராம்.

ரஷ்யாக்காரர்களும் இந்தப் போட்டியில் இருந்தார்கள். ‘டி-0.06’, ‘டி-0.1’ என்று பெயர் போட்ட வட்ட செல்கள் அவர்களுடையவை. அந்த எண் கொள்ளளவைச் சொல்கிறது: 0.1 என்றால் 0.1 ஆம்பியர் மணி, அதாவது 100 மில்லி ஆம்பியர் மணி. ஏழு வட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ‘7டி-0.1’ என்றும் ஒன்று செய்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் மாஸ்கோவில் படித்துவிட்டு வந்திருந்தால், பரணில் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த மாமா, பெரியப்பா கொண்டுவந்த செட்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். வந்த புதிதில் ஊரே கூடிப் பார்த்தது. இரண்டு மூன்று வருடம் பாடியது. பிறகு சார்ஜ் நிற்கவில்லை. மாற்று செல் உள்ளூரில் கிடைக்கவில்லை. துணியில் சுற்றி பீரோவில் வைத்தாகிவிட்டது. ஐம்பது வருடமாக அங்கேயே இருக்கிறது.

இப்போது நீங்கள் அதை எடுத்தால் முதலில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வார்கள். ‘சார்ஜ் ஏறுதா பார்க்கலாம்’ என்று பழைய சார்ஜரை எடுத்து பிளக்கில் செருகுவது. தயவுசெய்து வேண்டாம்.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று செல்லைப் பற்றியது. நிக்கல் காட்மியம் செல்லுக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற கடுமையான காரம் இருக்கிறது. ஐம்பது வருடத்தில் செல்லின் ரப்பர் வளையம் காய்ந்து, காரம் வெளியே கசிந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். உள்ளேயும் காட்மியம் முள் முள்ளாக வளர்ந்து, இரண்டு தகட்டையும் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். அதற்குச் சார்ஜ் கொடுத்தால் செல் சூடாகும், இன்னும் கசியும். பிரயோஜனம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்துச் சின்ன சார்ஜர்கள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கண்டென்சரும் டயோடும் மட்டும் வைத்து 230 வோல்ட் கரண்டை நேரடியாகக் குறைத்து அனுப்பியிருப்பார்கள். இன்றும் மலிவான சார்ஜ் டார்ச் லைட்டுகளில் இதே வேலைதான். இப்படிப்பட்ட சார்ஜரில் செல் ஏறிக்கொண்டிருக்கும்போது, ரேடியோவில் தெரியும் எந்த உலோகத்தைத் தொட்டாலும் நீங்கள் வீட்டு மெயின் லைனையே தொடுகிறீர்கள் என்று அர்த்தம். அப்போது இயர்போனைக் காதில் வைத்துக் கேட்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த சார்ஜரின் ஒயரை வெட்டிவிட்டு, நினைவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நல்ல வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் துண்டு விரித்து, கையுறை போட்டுக்கொண்டு செட்டைத் திறக்க வேண்டும். துண்டு எதற்கு என்றால், இந்த செட்களின் திருகாணி கடுகு அளவுதான் இருக்கும். டைல்ஸ் தரையில் விழுந்தால் கிடைக்காது. திறந்ததும் எதையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் ப்ளஸ், எந்தப் பக்கம் மைனஸ், எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படம்தான் பின்னால் சாட்சி. வங்கியில் வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா நகராது, அதே பழக்கம்.

வெள்ளைப் பொடி இருந்தால் அதை ஊதாதீர்கள். காரம் கண்ணில் பட்டால் கெடுதல். இயர் பட்டை வினிகரில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் லேசாக நுரைக்கும். காரம் அமிலத்தோடு சேர்ந்து சமனாகிறது என்று அர்த்தம். வினிகர் இல்லை என்றால் எலுமிச்சைச் சாறு போதும். பிறகு வெறும் தண்ணீர் தொட்ட பட், கடைசியாக மருந்துக்கடை ஐசோபுரொபைல் ஸ்பிரிட். ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். செம்புக் கோடுகளில் பச்சை படிந்திருந்தால் காரம் அங்கே வரை போயிருக்கிறது. கோடு அறுந்திருந்தால் மெல்லிய ஒயர் கொடுத்து இணைக்க வேண்டியிருக்கும். அது கொஞ்சம் கை பழகியவர் செய்கிற வேலை.

வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் இதே கசிவை எங்கள் கிளையில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் கடிகாரம் ஓடுவதற்காக 3.6 வோல்ட் நிக்கல் பேட்டரி ஒன்றைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். சில வருடத்தில் அது கசிந்து, பக்கத்துக் கோடுகளையெல்லாம் தின்றுவிடும். தேதி 1980-க்குப் போய்விட்டது என்று காலையில் கத்துவோம். யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஒன்றரை ரூபாய் வினிகரில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு முழுப் போர்டையே மாற்றினார்கள்.

இப்போது புது செல். இங்கேதான் கணக்கு வருகிறது, கொஞ்சம் கவனியுங்கள்.

சாதாரண பேட்டரிக் கட்டை ஒன்று 1.5 வோல்ட். நிக்கல் காட்மியம் செல் ஒன்று 1.2 வோல்ட். நிக்கல் காட்மியத்தை 1899-இல் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் என்பவர் கண்டுபிடித்தார். அதன் தம்பி மாதிரி 1990 வாக்கில் கடைக்கு வந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. இதுவும் 1.2 வோல்ட்தான். அதனால் பழைய நிக்கல் காட்மியத்தின் இடத்தில் இதை வைக்கலாம். செட்டுக்கு வித்தியாசம் தெரியாது. காட்மியமும் கிடையாது, அதே அளவில் கொள்ளளவும் கூடுதல். சுமார் பதினைந்தரை மில்லிமீட்டர் விட்டமும் ஆறு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள 80 மில்லி ஆம்பியர் மணி பட்டன் செல் பரவலாகக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் கேட்கலாம், ஆன்லைனிலும் வரும். மூன்றை ஒன்றாக அடுக்கிப் பச்சை உறை போட்டு 3.6 வோல்ட் என்று விற்பார்கள். தேவையானால் உறையைப் பிரித்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய செட்டில் இரண்டு செல் இருந்தால் இரண்டு, மூன்று இருந்தால் மூன்று, எண்ணிக்கையை மாற்றாதீர்கள்.

அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய செல்லின் விட்டத்தையும் தடிமனையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். புதுசு ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் பரவாயில்லை, அதிகமாக இருந்தால் மூடி மூடாது. மூடி மூடவில்லை என்று யாராவது உள்சுவரைச் சுரண்டுவார்கள். அதோடு பழைய பொருளின் மதிப்பும் போயிற்று.

அடுத்து ப்ளஸ் மைனஸ். பென்சில் கட்டையில் முனை நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ப்ளஸ். பட்டன் செல்லில் நேர்மாறு: பெரிய கிண்ணம் ப்ளஸ், சின்ன மூடி மைனஸ். வாட்ச் செல்லிலும் அப்படித்தான். பழக்கத்தில் திருப்பி வைத்துவிடுவோம். இன்னொரு குழப்பமும் உண்டு. 60-களின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் செட்களில் பலவற்றில் ப்ளஸ்தான் பொதுக் கம்பியாக இருக்கும். ‘கறுப்பு ஒயர்தானே மைனஸ்’ என்று நினைத்துக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். அந்த ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு மாற்று தேடுவது செல் தேடுவதைவிடக் கஷ்டம். முதலில் எடுத்த படத்தைப் பாருங்கள், பிறகு மல்டிமீட்டரை வைத்து இன்னொரு தடவை பாருங்கள்.

செல்லின் மேல் நேராக ஈயம் பற்றவைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் உருகி, புது செல் அன்றைக்கே கசிய ஆரம்பிக்கும். தகட்டு வால் வைத்து வருகிற செல்லாகப் பார்த்து வாங்கி, அந்த வாலில் பற்றவைக்க வேண்டும். பிடிப்பான் உள்ள செட்டாக இருந்தால் பற்றவைக்கும் வேலையே இல்லை.

இனி சார்ஜ். பட்டன் செல்லுக்கு அவசரம் ஆகாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் என்பது பழைய விதி. 80 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 8 மில்லி ஆம்பியர். 14 மணி நேரத்தில் 112 போட்டிருப்பீர்கள். எடுக்கக் கிடைப்பது 80. மீதி சூடாகப் போய்விடுகிறது. நூறு எடுக்க நூற்று நாற்பது போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கியும் இவ்வளவு பிடித்தம் செய்யாது! 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் செட் என்றால் எட்டு மணி நேரம் பாடும். ரஷ்ய 7டி-0.1-க்கு 12 மில்லி ஆம்பியரில் 15 மணி நேரம் என்று அந்தக் காலத்திலேயே போட்டிருந்தார்கள். ஏறத்தாழ அதே கணக்குதான்.

இந்த மின்னோட்டத்தைக் கொடுக்க, ஐந்து வோல்ட் செல்போன் சார்ஜர் ஒன்றும் சரியான மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றும் போதும். இரண்டு செல் என்றால் சார்ஜ் ஆகும்போது அவற்றின் மேல் 2.8 வோல்ட் அளவு நிற்கும். மீதி 2.2 வோல்ட்டை 8 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 275 ஓம். கடையில் 270 கிடைக்கும். பத்து பைசா சாமான்தான். ஆனால் நல்ல கம்பெனி செல்போன் சார்ஜராக இருக்க வேண்டும்; அதில் மெயின் லைன் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முடிந்தால் செல்லை வெளியே எடுத்தே சார்ஜ் செய்யுங்கள். பதினாறு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம்.

இப்போது லித்தியம் பற்றி. இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

நம் பி பிளாக் இரண்டாம் மாடி அம்மா, அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன், முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரர் 1970-ஐ ஒட்டி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன ஜப்பான் ரேடியோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. சார் காலமான பிறகு அதைப் பாட வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் இரண்டு பழைய செல்லையும் எடுத்துவிட்டு, மூன்று வோல்ட் லித்தியம் நாணய செல் ஒன்றை வைத்து, மிச்ச இடைவெளிக்கு அலுமினியத் தாளை மடித்துச் செருகிக் கொடுத்துவிட்டார். ரேடியோ பாடியது. இரண்டு நாளில் சத்தம் குறைந்தது. அம்மா எப்போதும் போல இரவு அதன் தாங்கியில் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார்கள். கட்டில் பக்கத்தில், மேஜை விரிப்பின் மேல்.

காலையில் மூடி சுட்டது. செல் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. நல்லவேளை, வெடிக்கவில்லை. எனக்கு இன்டர்காமில் கூப்பிட்டுச் சொன்னபோது, முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், ரேடியோவைத் தொடாமல் அப்படியே பால்கனியின் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோக இடுக்கியை எடுங்கள் என்றுதான் சொன்னேன்.

நாணய லித்தியம் இரண்டு வகை. ‘சி.ஆர்.’ என்று தொடங்குவது சார்ஜ் செய்யவே கூடாதது. ‘எல்.ஐ.ஆர்.’ என்று தொடங்குவது சார்ஜ் ஏறும், ஆனால் 4.2 வோல்ட்டில் சரியாக நிறுத்துகிற தனி சார்ஜர் வேண்டும். நிக்கல் செல்லுக்கான பழைய சார்ஜருக்கு நிறுத்தவே தெரியாது. அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, உள்ளே பொருந்துகிறது என்பதற்காக எந்த லித்தியத்தையும் இந்த செட்களில் வைக்காதீர்கள். நாம் தனி வீட்டில் இல்லை. ஒரு படுக்கையறையில் பிடிக்கிற தீ, மேலே கீழே ஆறு குடும்பத்தின் தீ.

பின்னால் அந்த ரேடியோவை நான்தான் திறந்தேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்கள்: “தம்பி, அந்தச் சின்னச் சக்கரத்தை மட்டும் நகத்திடாதீங்க. அவரு கடைசியா வெச்ச இடத்துலயே இருக்கு.” டியூனிங் சக்கரத்தைச் சொல்கிறார்கள். ஒரு துண்டு செலோடேப்பை அதன் மேல் ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். கசிவு அதிகம் இல்லை, ஒரே ஒரு கோடு அறுந்திருந்தது. இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். செலவு ஒரு பிரியாணி அளவுகூட இல்லை. சார்ஜர் தாங்கியின் உள்ளே ஒயரை எடுத்துவிட்டேன். அழகுக்கு இருக்கும், கரண்ட் வராது.

ஆனால் நம் குடியிருப்பில் போட்டுப் பார்த்தபோது ‘கொர்ர்’ என்று இரைச்சல் மட்டும்தான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் செல்லை மாற்றிவிட்டு ரேடியோ கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இந்தச் சின்ன செட்கள் மீடியம் வேவ் மட்டும் எடுப்பவை. எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸ், லேப்டாப் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மீடியம் வேவில் இரைச்சலைக் கொட்டும். அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டு இரைச்சலும் சேர்ந்து வரும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, நிலையத்தின் சமிக்ஞையைத் தடுத்துவிடும். மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், செட்டை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உள்ளே பெரைட் குச்சி என்ற ஏரியல் இருக்கிறது. அது ஒரு பக்கம் பார்த்தால் நன்றாக எடுக்கும், கால் வட்டம் திருப்பினால் அமுங்கிவிடும்.

செம்மேட்டில் நான் 80-களின் பிற்பகுதியில் வேலை பார்த்தேன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மிளகுக் கடனுக்கும் காபிக் கடனுக்கும் வருகிற மலைவாழ் மக்கள் பலர் தோளில் டிரான்சிஸ்டரை மாட்டிக்கொண்டுதான் கிளைக்கு வருவார்கள். உயரமான இடம், மின்சாதனம் குறைவு. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு தெளிவாக விழும். பொழுது சாய்ந்தால் இலங்கை வானொலியும் வந்து சேர்ந்துகொள்ளும். பகலில் மீடியம் வேவ் அலை தரையை ஒட்டித்தான் வருகிறது. இரவில் வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகிறது. அதனால்தான் அம்மாவிடம் ரேடியோவை இங்கே எடுத்துவரச் சொன்னேன். இன்று மதியம் வல்வில் ஓரி சிலைப் பக்கம் நீங்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போய் அதைப் போட்டோம். சக்கரத்தைத் தொடவில்லை. திருச்சிதான் வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. செட்டைக் காதோடு வைத்துக்கொண்டு செய்தி முடியும் வரை நின்றார்கள்.

நேரம் ஆகிறது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. காது மிஷினுக்குப் போடும் ஜிங்க் ஏர் செல் 1.4 வோல்ட். 675 என்ற எண் உள்ளது பதினொன்றரை மில்லிமீட்டர் அகலம். நிக்கல் செல்லுக்கு நெருக்கமான வோல்டேஜ் என்பதால் செட்டுக்கு உறுத்தாது. ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில வாரத்தில் தீர்ந்துவிடும், அது ஒரு குறை. இங்கிலாந்தில் 1967-இல் வந்த சின்க்ளேர் மைக்ரோமாட்டிக் போன்ற குட்டி ரேடியோக்களுக்குப் போட்ட பாதரச செல் இப்போது கிடையாது. அதற்கு 312 எண் ஜிங்க் ஏர்தான் மாற்று. ஆனால் சார்ஜ் ஆகாத செல்லை வைத்தால், சார்ஜர் முனைகளை உள்ளேயே துண்டித்துவிட வேண்டும்.

9 வோல்ட் செட் வைத்திருப்பவர்கள், யு.எஸ்.பி. ஓட்டை வைத்து வருகிற லித்தியம் 9 வோல்ட் பேட்டரியை வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் கன்வெர்ட்டரே ரேடியோவில் இரையும். 8.4 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கேளுங்கள். அது ஏழு செல் வைத்தது. ஆறு செல் வைத்த 7.2 வோல்ட்டும் உண்டு. அதில் சத்தம் சீக்கிரம் கரகரக்கும்.

பயன்படுத்தாமல் வைத்தாலும் நிக்கல் செல்லில் சார்ஜ் தானாக வடியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றிவிடுங்கள். வெளியூர் போய் ஆறு மாதம் கழித்து வருவதானால் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

பட்டன் செல்லை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். பேரன் பேத்தி விழுங்கினால், முக்கியமாக லித்தியம் நாணய செல், உணவுக் குழாயில் இரண்டு மணி நேரத்திலேயே புண் ஆக்கும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கழற்றிய பழைய செல்? காட்மியம் விஷம். ஜப்பானில் தோயாமா பகுதியில் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் காட்மியம் கலந்து, அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. வலி தாங்காமல் ‘இதாய் இதாய்’ என்று கதறினார்களாம். நோய்க்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. 1968-இல் அந்த நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிக்கும் பொருந்தும். முன்பு இருந்த 2001 விதிகள் கார் பேட்டரி வகைக்கு மட்டும்தான். புது விதிப்படி வீட்டுக் குப்பையோடு பேட்டரியைக் கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. செல்லின் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருந்தால் அதன் அர்த்தம் இதுதான்.

சங்கச் செயற்குழுவிடம் கேட்டு, காவலர் அறையில் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய செல்களை அதில் போடுங்கள். லித்தியம் செல்லாக இருந்தால் இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டிப் போடுங்கள். ஒன்றோடொன்று உரசினால் சூடாகும். டப்பா நிறைந்ததும் மறுசுழற்சிக்கு எடுக்கும் இடத்தில் நானும் பொருளாளரும் சேர்க்கிறோம்.

யார் வீட்டிலாவது இப்படிச் சின்ன ரேடியோ இருந்தால், திரும்பிப் போனதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நூலக அறைக்கு எடுத்து வாருங்கள். திறக்காமல், சார்ஜ் போடாமல், இருக்கிற கோலத்திலேயே எடுத்து வாருங்கள். மேலே யார் பெயர், எந்த பிளாட் என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள். கேள்வி இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் கேட்கலாம். சமையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.